நாலு போக மிச்சம்

பாகூர் பக்கம் பொது வருமானம் என்றாலே ஏலம்தான். சந்தையில் கூடை இறக்கினால் அடிக்காசு. அந்த அடிக்காசு வசூலுக்கு ஓர் ஏலம். ஏரி மீனுக்கு ஓர் ஏலம். ரோட்டோரப் புளியமரத்துக்கு ஓர் ஏலம். கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலம் வந்துவிட்டால் புதுச்சேரி முழுக்க அதே பேச்சு. கொம்யூன் பஞ்சாயத்தில் பில் கலெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஏலத்தின் சூட்சுமம் எனக்கு மனப்பாடம். அரசு தெருவில் இறங்கிக் கை நீட்டாது. ஒருவர் வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிடுவார். கட்டிய காசை எப்படித் திருப்பி எடுப்பது என்பது அவர் பாடு. கூடைக்காரிக்கும் ஏலதாரருக்கும் சண்டை வந்தால் அப்போது மட்டும் அரசு நடுவில் வந்து நின்று நியாயம் பேசும்.

இதே ஏலம் சூதாட்டத்துக்கும் நடந்த ஊர்கள் உண்டு. அவற்றில் ஒன்று சைகோனை ஒட்டிய சோலோன். அங்கே போலீஸ் உடுப்பில் நின்று சீனர்களின் ஆட்டத்தை வருடக்கணக்கில் பார்த்தவர் என் சின்னத் தாத்தா. வில்லியனூர்க்காரர். திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு வடம் பிடித்த கையோடு கப்பல் ஏறியவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் தேருக்கு பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் தொடுவது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் வருகிறார்.

வில்லியனூரிலிருந்து சோலோனுக்கு வழி எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்தார்கள். 1862 ஒப்பந்தத்தில் தெற்கு வியட்நாமின் மூன்று மாகாணங்கள் அவர்கள் கைக்கு வந்தன. புது நாட்டுக்குக் குமாஸ்தா வேண்டும், காவல்காரர் வேண்டும், சுங்கச்சாவடியில் உட்கார ஆள் வேண்டும். பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். வெயில் தாங்க வேண்டும். பிரான்சிலிருந்து ஆள் கூட்டி வரும் செலவும் இருக்கக்கூடாது. புதுச்சேரியும் காரைக்காலும் அதற்குத் தோதாக இருந்தன. 1881 செப்டம்பர் 21-இல் ஒரு சட்டம் வந்தது. தன் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் முழுப் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். துறந்தவர்கள் என்ற பொருளில் ரெனோன்சான் என்று பெயர். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த இயக்கத்துக்கு முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் கோர்ட்டுக்குள் காலணியோடு போகக்கூடாது என்று தடுத்ததை எதிர்த்துப் பாரிஸ் வரை போய் ஜெயித்தவர். பிறகு லப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அந்தக் கையெழுத்தின் மதிப்பு புதுச்சேரியைவிடச் சைகோனில்தான் அதிகம். அங்கே வியட்நாமியருக்கு இல்லாத ஓட்டு, வில்லியனூரிலிருந்து போனவருக்கு இருந்தது. ஐரோப்பியச் சம்பள விகிதம் கேட்டு வாதாடவும் முடிந்தது. போலீஸ், சிறைக் காவல், கலங்கரை விளக்கம், தபால், சுங்கம் என எங்கும் நம் ஆட்கள். சந்தைகளின் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த தமிழர்களும் உண்டு. இங்கே நான் பார்த்த அடிக்காசு ஏலத்தின் அசல் உறவு அது. செட்டியார்கள் தனிக் கதை. அவர்கள் கடன் கொடுத்தார்கள், கோயில் கட்டினார்கள், 1930-களில் நெல் விலை விழுந்தபோது வசவும் வாங்கினார்கள். இந்தக் கட்டுரையில் அவர்களுக்கு வேலை இல்லை.

சின்னத் தாத்தா ஊர் திரும்பிய பிறகு அவர் வீட்டுக்குச் சைகோன் வீடு என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் மனைவி வியட்நாமியப் பெண். நாங்கள் சைகோன் ஆயா என்போம். நுக்மாம் என்ற மீன் சாற்று வாடை அந்த வீட்டுத் திண்ணையிலேயே அடிக்கும். ஆயா மத்தியானத்தில் விரல் அகலச் சீட்டுகளை விசிறி போலப் பிடித்துக்கொண்டு, இதேபோல் வந்து சேர்ந்த வேறு இரண்டு மூன்று வியட்நாமியப் பெண்களோடு ஆடுவார். மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு நிறம், மொத்தம் 112 சீட்டு. சீனச் சதுரங்கக் காய்களின் பெயர் அவற்றில் எழுதியிருக்கும். காசு வைத்துத்தான் ஆட்டம்; ஆனால் ஐந்து பைசாவுக்கு மேல் போனதில்லை.

தாத்தா சீட்டைத் தொடமாட்டார். அவருக்குத் தெரிந்தது ஃபான் டான். சைகோன் பக்கம் அதைப் பாக்குவான் என்பார்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது புளியங்கொட்டையில். நாங்கள் ஏற்கெனவே கைக்குள் கொட்டையை மூடி ‘ஒத்தையா ரெட்டையா’ ஆடுகிறவர்கள். அதைப் பார்த்துவிட்டு, “ரெண்டு ரெண்டா எண்ணினா உங்க ஆட்டம்டா, நாலு நாலா எண்ணினா சீனன் ஆட்டம்,” என்றார். விஷயம் அவ்வளவுதான். சீன ஆட்டங்களைப் பற்றிப் பிற்பாடு நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

சோலோன் மேசையில் ஆட்டம் இப்படி நடக்கும். நடுவில் பித்தளையிலோ தகரத்திலோ ஒரு சதுரத் தகடு. அதன் நாலு பக்கத்துக்கும் 1, 2, 3, 4 என்று எண். ஆட்டம் நடத்துகிறவர் முன்னால் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பொத்தான்களோ நடுவில் ஓட்டை போட்ட காசுகளோ குவிந்திருக்கும். குவியலில் கை வைத்து ஒரு பங்கை இழுத்து, அதன் மேல் உலோகக் கிண்ணத்தைக் கவிழ்ப்பார். எத்தனை பொத்தான் என்பது அவருக்கும் தெரியாது. ஆடுகிறவர்கள் சதுரத்தின் பக்கங்களில் பணம் வைப்பார்கள். பந்தயம் முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மெல்லிய குச்சியால் நாலு நாலாக ஒதுக்கிக்கொண்டே வருவார். கடைசியில் ஒன்று மிஞ்சலாம், இரண்டு மிஞ்சலாம், மூன்று மிஞ்சலாம். மிச்சமில்லாமல் நாலாகவே முடிந்தால் நாலு. எந்த எண் மிஞ்சியதோ அந்தப் பக்கத்துக்குப் பணம்.

குச்சி நடத்துகிறவர் கையைப் பற்றித் தாத்தா அலுக்காமல் சொல்வார். சட்டை முழங்கை வரை சுருட்டியிருக்கும். விரல் பொத்தானைத் தொடக்கூடாது; குச்சி மட்டும்தான் தொடும். அவசரம் கூடாது. அவசரப்பட்டால் கூட்டம் சந்தேகப்படும். நாலு பொத்தானைப் பிரித்து, ஒரு மூச்சு நிறுத்தி, பக்கத்தில் தள்ளி, வரிசையாக வைப்பார். பழகிய ஆட்டக்காரர்கள் இன்னும் முப்பது நாற்பது பொத்தான் குவியலில் இருக்கும்போதே மிச்சத்தைக் கண்ணால் எண்ணிவிடுவார்கள். மேசையின் ஒரு பக்கத்தில் முனகலும் இன்னொரு பக்கத்தில் தொண்டைச் செருமலும் கிளம்பும். குச்சி மட்டும் யாருக்கும் காது கொடுக்காமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். போலீஸ்காரருக்கு அதுதான் நேரம் என்பார் தாத்தா. தோற்றுவிட்டோம் என்று முன்னாலேயே தெரிந்தவன், எண்ணி முடிப்பதற்குள் ஏதாவது செய்யப் பார்ப்பான். மேசையைத் தட்டிவிடுவான், பக்கத்து ஆளின் பணத்தை நகர்த்துவான். “மேசையப் பாக்காத, மூஞ்சியப் பாரு, அதான் எங்க வேலை.”

ஏமாற்று வேலையும் இருந்தது. குச்சியோடு ஒட்டி ஒரு பொத்தானை மறைப்பது, அழுத்தினால் இரண்டாகப் பிரியும் பொத்தான் செய்வது என்று உலகம் முழுக்க ஃபான் டான் கொட்டகைகளைப் பற்றிக் கதை உண்டு. கனடாவின் விக்டோரியா நகரத்துச் சீனப் பகுதியில் இந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஒரு சந்து இருக்கிறது. ஒடுக்கமான இடத்தில் ஒரு மீட்டர் அகலம்கூடத் தேறாது. போலீஸ் வந்தால் ஓடுவதற்குத் தோதான இடம்.

எனக்கு இந்த ஆட்டத்தின் மீது ஒரு மரியாதை உண்டு. பில் கலெக்டர் புத்தி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே எண்ணில் 100 ரூபாய் வைத்து ஜெயித்தால் 300 வர வேண்டும். நாலில் ஒரு வாய்ப்பு என்பதால் அது நியாயமான கணக்கு. ஆட்டம் நடத்துகிறவர், ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு 5 எடுத்துக்கொண்டு 285 கொடுப்பார். நீண்ட ஓட்டத்தில் வைக்கிற ஒவ்வொரு நூறிலும் நமக்கு நஷ்டம் 3 ரூபாய் 75 காசு. சதுரத்தின் மூலையில் வைத்தால் இரண்டு எண்ணுக்கும் சேர்த்துப் பந்தயம், நஷ்டம் 2.50. மூன்று எண்களைச் சேர்த்து வைத்தால் 1.25 தான். ஒற்றைப் பூஜ்யம் உள்ள பிரெஞ்சு ரூலெட்டில் நூற்றுக்கு 2.70 போகிறது. ஆக, நாகரிகமான ஐரோப்பியச் சக்கரத்தைவிடச் சோலோன் சீனரின் மூலைப் பந்தயம் ஆடுகிறவருக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. கமிஷனையும் முகத்துக்கு நேரே எடுக்கிறது. சக்கரத்துக் குழிக்குள் ஒளித்து வைப்பதில்லை.

இந்த நியாயமான ஆட்டத்தின் மீது ஓர் அரசாங்கம் ஏறி உட்கார்ந்தது மக்காவில். 1842-க்குப் பிறகு ஹாங்காங் பிரிட்டிஷ் துறைமுகமாக எழுந்ததும் பக்கத்திலிருந்த போர்த்துகீசிய மக்காவின் வியாபாரம் படுத்துவிட்டது. கஜானாவுக்கு வழி தேடியவர்கள், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபான் டான் கடைகளுக்கு உரிமம் கொடுத்து வாடகை வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு அது குத்தகை ஆனது. ஹாங்காங்கும் ஒருமுறை முயன்று பார்த்தது. கவர்னர் மெக்டோனல் 1867-இல் சூதாட்ட வீடுகளுக்கு உரிமம் கொடுத்தார். கள்ளத்தனமாக நடந்தால் போலீஸ்காரர் லஞ்சம் வாங்குகிறார், வெளிப்படையாக நடந்தால் அந்தப் பணம் அரசுக்கு வரும் என்பது அவர் வாதம். லண்டனில் எதிர்ப்புக் கிளம்பி 1871-இல் நிறுத்திவிட்டார்கள். மக்காவுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

1937-இல் மக்காவின் மொத்தச் சூதாட்ட உரிமையும் ஃபூ தக் யாம், கோ ஹோ நிங் என்ற இருவரின் தாய் ஹிங் கம்பெனிக்குப் போனது. அவர்களுடைய கோட்டை ஹோட்டல் சென்ட்ரல். அங்கே ஃபான் டான் மேசைக்கு மேலே கூரையை வெட்டித் திறந்து, மாடியில் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். கீழே கும்பலோடு இடிபட விரும்பாத பணக்காரர்கள் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டே, சின்னக் கூடையில் பணத்தை வைத்துக் கயிற்றில் இறக்குவார்கள். கீழே இருப்பவர் எடுத்து எண்ணில் வைப்பார். ஜெயித்தால் அதே கூடையில் பணம் மேலே ஏறும். இவ்வளவு தூரத்திலிருந்து ஆடும் தைரியம் எப்படி வந்தது என்றால், எண்ணுவது மேலிருந்தும் தெரியும். குவியலும் குச்சியும் ஒளிவு மறைவு இல்லாமல் கண்ணெதிரே. இரண்டு மாடி உயரத்துக்கு நம்பிக்கை தரக்கூடிய ஆட்டம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சோலோனின் மக்காவ் என்றால் கிராந் மோந்த். வியட்நாமியர் தாய் தே யோய் என்பார்கள். மதில் சூழ்ந்த பெரிய வளாகம். உள்ளே ஃபான் டான், மூன்று தாயக்கட்டையை மூடிக் குலுக்கிப் பெரிசா சின்னதா என்று கேட்கும் தாய் ஷியூ, ரூலெட், நடன அரங்கு, சாப்பாட்டுக் கடைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு நிர்வாகத்தின் அனுமதியோடு, மக்காவிலிருந்து வந்த சீனர்கள் அதை நடத்தினார்கள். கிரகாம் கிரீனின் ‘தி கொயட் அமெரிக்கன்’ நாவலில் கதை சொல்லும் பத்திரிகைக்காரன் தன் காதலியை முதலில் பார்ப்பது இந்த கிராந் மோந்தில்தான். கிரீனுக்கு நடன அரங்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தாத்தாவுக்கு வாசல் ஞாபகம்: சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்குகிறவன் திரும்பும்போது நடந்து போவான்.

போர் நடந்துகொண்டிருந்த ஊரில் இந்த வாசல் சும்மா இருக்குமா? சைகோன் ஆற்றுப் பக்கத்துச் சதுப்பில் கொள்ளைக் கூட்டமாகத் தொடங்கிய பின் சூயேன் படை, முதலில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரரை எதிர்த்தது. 1948-இல் கட்சி மாறியது. அதன் தலைவர் லே வான் வியேன், பாய் வியேன் என்ற பெயரில் பிரபலம். பேரரசர் பாவ் தாய் ஆதரவோடு 1950-களின் தொடக்கத்தில் கிராந் மோந்த் குத்தகை மக்காவ் ஆட்களிடமிருந்து இவர் கைக்குப் போனது. குத்தகைப் பணம் அரசருக்கு; மிச்சம் படைக்கு. 1954 ஏப்ரலில் பாவ் தாய் இன்னொரு காரியமும் செய்தார். நாட்டின் போலீஸ் நிர்வாகத்தையே பின் சூயேன் ஆட்களிடம் ஒப்படைத்தார். சூதாட்டக் குத்தகைதாரரே போலீஸ் தலைவர்! சாராயக்கடை ஏலம் எடுத்தவரிடம் வில்லியனூர் ஸ்டேஷன் சாவியைக் கொடுத்த மாதிரி. தாத்தா அந்த வருடமே பென்சன் எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். எந்தக் காரணத்தால் கிளம்பினார் என்று கேட்டால் தியென் பியென் ஃபூவில் பிரெஞ்சுப் படை தோற்றதைச் சொல்லமாட்டார். “திருடனுக்கு சல்யூட் அடிக்க நான் வில்லியனூர்லேருந்து வரல,” என்பார்.

அவர் வந்து இறங்கிய ஊரும் அப்போது கைமாறிக்கொண்டிருந்தது. 1954 அக்டோபர் 18-இல், வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள கீழூரில் கொட்டகை போட்டு மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து, 1955 ஜனவரியில், தெற்கு வியட்நாமின் புதுப் பிரதமர் கோ தின் தியெம் கிராந் மோந்த் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து இழுத்து மூடினார். ஏப்ரல் கடைசியில் சைகோன் தெருக்களில் தியெமின் ராணுவத்துக்கும் பின் சூயேனுக்கும் பீரங்கிச் சண்டை. பாய் வியேன் தோற்றுப் பாரிசுக்கு ஓடினார். சூதாட்டக் குத்தகை பறிபோனதும் ஒரு படைக்கு எவ்வளவு சீக்கிரம் மூச்சு நின்றுவிட்டது பாருங்கள்! அந்த வளாகம் இருந்த இடத்தில் பிற்பாடு ஐந்தாம் வட்டத்தின் பண்பாட்டு மையம் வந்தது.

சீனர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன இன்னோர் ஆட்டமும் சைகோனில் இருந்தது: முப்பத்தாறு மிருகம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மிருகம் அல்லது பறவை. நடத்துகிறவர் ஓர் எண்ணை எழுதி மூடி, எல்லார் கண்ணிலும் படும்படி உயரத்தில் தொங்கவிடுவார். புதிர் போல ஒரு பாட்டைக் குறிப்பாகக் கொடுப்பார். கனவில் என்ன வந்தது, வழியில் எது குறுக்கே போனது என்று பார்த்து ஊரே காசு கட்டும். முகவர்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். ஜெயித்தால் 30 மடங்கு. முப்பத்தாறில் ஒரு வாய்ப்புக்கு முப்பது கொடுத்தால், கட்டிய தொகையையும் சேர்த்து முப்பதுதான் கைக்கு வருகிறது என்றால், நூற்றுக்கு 16-க்கு மேல் நடத்துகிறவருக்கு மிச்சம். ஃபான் டான் எடுப்பதைப் போல நாலு மடங்குக்கும் மேல். சயாமில் 1835-இல் மூன்றாம் ராமா காலத்தில் இதையே தாய் எழுத்துகளை வைத்து அரசுக் குத்தகையாக நடத்தினார்கள். எண்பது வருடம் கழித்து 1916-இல்தான் நிறுத்த முடிந்தது. வருமானம் அவ்வளவு ருசி.

இதைப் படிக்கும் புதுச்சேரிக்காரருக்கு மூணு நம்பர் ஞாபகம் வராமல் இருக்காது. தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது. பரிசுச் சீட்டுதான் போனது, ஆசை போகவில்லை. கேரள அரசு லாட்டரியின் முடிவில் வரும் கடைசி மூன்று எண்ணை வைத்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வியாபாரம் எல்லை தாண்டி எங்கும் நடக்கிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் ஆட்களைப் பிடிக்கிறார்கள், செய்தி வருகிறது, மறுபடி நடக்கிறது. கனவில் பாம்பு வந்தால் இன்ன நம்பர் என்று சொல்லும் ஆட்கள் எங்கள் டீக்கடையிலேயே உண்டு. சைகோனிலிருந்து வந்த பழக்கம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. எண்ணை மூடி வைத்து, முகவரை வீட்டுக்கு அனுப்பி, கனவுக்கு விலை போட்டால் எந்த ஊரிலும் இந்த ஆட்டம் ஒரே மாதிரிதான் வளரும்.

கட்டை உருட்டுவதற்கும் நமக்குச் சீனர் தேவைப்படவில்லை. சின்ன வயதில் தேர்த் திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் லங்கர் கட்டை நடக்கும். ஆறு படம் வரைந்த துணி. கிரீடம், நங்கூரம், சீட்டுக்கட்டின் ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர். டப்பாவில் கட்டைகளைப் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். வெள்ளைக்காரக் கப்பல்காரர்களோடு இங்கே கரையேறிய ஆட்டம் அது. தாத்தா அந்தத் துணியைப் பார்த்ததும், அங்கே புது வருஷத்தில் பிள்ளைகள்கூட இதை ஆடுவார்கள், கிரீடத்துக்குப் பதில் சுரைக்காய், நண்டு, இறால், மீன், சேவல், மான் இருக்கும் என்றார். நின்று பார்த்தாரே தவிர, காலணா வைக்கவில்லை. உடனிருந்த ஆயா வைத்தார். நங்கூரத்தில் வைத்துத் தோற்றார்.

மக்காவில் ஃபான் டானின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1962-இல் குத்தகை தாய் ஹிங்கிடமிருந்து ஸ்டான்லி ஹோ, யிப் ஹோன், டெடி யிப், ஹென்றி ஃபோக் கூட்டணிக்கு மாறியது. 1970-இல் காசினோ லிஸ்போவா எழுந்தது. அதுவரை ஃபான் டான் ராஜா. ஏகபோகம் 2002-இல் முடிந்து, 2004-இல் அமெரிக்கக் கம்பெனியின் சாண்ட்ஸ் மக்காவ் திறந்தது. 2006-இல் மக்காவ் வருமானத்தில் லாஸ் வேகாசைத் தாண்டியது. தாண்டியது பெரும்பாலும் பக்காரா என்ற சீட்டாட்டத்தால். காசினோக்காரரின் கணக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு மேசையில் எத்தனை ஆட்டம் என்பதுதான். பக்காராவில் சீட்டைப் புரட்டினால் முடிந்தது. ஃபான் டானில் பொத்தானை நாலு நாலாக எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். அதுவும் எண்ணி முடிப்பதற்குள் எல்லாருக்கும் விடை தெரிந்துவிடுகிற எண்ணிக்கை. நூற்றுக்கு இரண்டரை ரூபாய்க்கு இவ்வளவு நேரமா என்று முதலாளிக்குத் தோன்றத்தானே செய்யும்? இன்று மக்காவில் ஃபான் டான் மேசைகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கே மிஞ்சியிருக்கின்றன. முதியவர்கள்தான் சுற்றி நிற்கிறார்கள்.

மூன்று கட்டை உருட்டும் ஆட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது. சிக் போ என்ற பெயரில் லாஸ் வேகாஸ் வரை போய்விட்டது. பெரிசா சின்னதா என்ற எளிய பந்தயத்தில் நூற்றுக்கு 2.78 தான் போகிறது. ஆனால் பக்கத்திலேயே, மூன்று கட்டையிலும் குறிப்பிட்ட ஒரே எண் விழும் என்று கட்ட ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு 216-இல் ஒரு வாய்ப்பு. மக்காவ் கொடுப்பது 150 மடங்கு. நூறு ரூபாயில் முப்பது ரூபாய் வீட்டுக்காரருக்கு. விளக்கும் மின்னும், மணியும் அடிக்கும், மடங்கும் பெரிசாகத் தெரியும். ஆட்டம் நிலைத்ததற்கு அந்தக் கட்டம்தான் காரணம் என்பேன். ஃபான் டானில் அப்படி ஒரு கட்டம் போட இடமே இல்லை. நாலு பக்கம், நாலு மூலை, அதோடு சரி.

காசினோ பேச்சு எங்கள் ஊருக்கும் வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் ஒன்று புதுச்சேரிக் கடலுக்கு வரப்போகிறது என்றதும் அதில் காசினோ இருக்கிறது என்று கிளம்பிய எதிர்ப்பு நினைவிருக்கும். சூதாட்டத்துக்கு அனுமதி கிடையாது என்று துணைநிலை ஆளுநர் சொல்ல வேண்டி வந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் டீக்கடையில் பேச்சு, அனுமதிக்கலாமா கூடாதா என்பதைவிட, உள்ளூர்க்காரனை ஏற விடுவார்களா என்பதில்தான் சூடாக இருந்தது. வெளியூர்க்காரன் காசு வரட்டும், நம் ஆள் உள்ளே போகக்கூடாது என்று அரசுகள் நினைப்பது புதிதல்ல. சிங்கப்பூரில் 2010-இல் காசினோ திறந்தபோது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019-இல் அது 150 ஆனது.

வியட்நாமிலும் அதே ஏற்பாடு. வெளிநாட்டினருக்கு மட்டும் என்றிருந்த நாட்டில், 2017-இல் ஓர் ஆணை போட்டு, 2019 ஜனவரியில் ஃபூ குவோக் தீவில் திறந்த காசினோவுக்குள் தங்கள் மக்களையும் சோதனை முறையில் விட்டார்கள். அப்போது 24 மணி நேரத்துக்கு 10 லட்சம் டாங் கட்ட வேண்டியிருந்தது; நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். மாதம் ஒரு கோடி டாங் வருமானத்துக்குக் காகிதமும் காட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒன்றும் கட்ட வேண்டாம். என் சித்தப்பா, சைகோன் ஆயாவின் மகன், சோலோனில் பிறந்தவர். 1881 சட்டத்தில் குடும்பம் போட்ட கையெழுத்தால் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். அந்த வாசலில் அவரிடம் யாரும் காசு கேட்கமாட்டார்கள். இதைச் சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “அங்க ரம்மி இருக்காமா?” என்று கேட்டார்.